கட்டட வேலை கற்க எங்கே சேரலாம்: கோணம் ஐ.டி.ஐ.யா, சமுதாயக் கல்லூரியா, மேஸ்திரியிடமா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, இவன் கட்டட வேலைக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். மேஸ்திரிகிட்ட விடவா, கோணத்துல ஐ.டி.ஐ.ல சேர்க்கவா?"

கோணம் என்பது நாகர்கோவிலில் அரசு ஐ.டி.ஐ., அதாவது தொழிற்பயிற்சி நிலையம், இருக்கும் இடம். நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் பதினைந்து வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். ரிசல்ட் சமயத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். "என்ன வேலை?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கொத்து வேலைக்கு ஒரு வழி என்றால் கரண்ட் வேலைக்கு வேறு வழி. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

மேஸ்திரியிடம் போனால் முதல் நாளே கையாள் கூலி கிடைக்கும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய நிலை இருந்தால் இது பெரிய விஷயம். அதைவிடப் பெரியது, தப்பு அங்கேயே தெரிந்துவிடும். போன வருடம் திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒரு பையன் தளம் போட்டிருந்தான். காய்ந்ததும் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரை எடுத்து மூலையில் ஊற்றினார். தண்ணீர் குழாய் வாயைப் பார்த்துப் போகாமல் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்த் தேங்கியது. "வாட்டம் எங்க போவுதுன்னு பாத்தியா மக்கா? கொத்திட்டு மறுபடி போடு." வாட்டம் என்றால் தண்ணீர் வடிவதற்கான சரிவு. பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. ரசமட்டத்தை நாலு தடவை வைத்துப் பார்த்துத்தான் இரண்டாவது தடவை சாந்தை இழுத்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் அடிக்கிற மாவட்டம் இது. அந்த ஒரு வாளித் தண்ணீர் தந்த பாடத்தை எந்த வகுப்பறையும் தந்துவிடாது.

ஆனால் மேஸ்திரி 'ஏன்' என்று சொல்லித் தரமாட்டார். அவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. வரைபடம் பார்க்கத் தெரியாமலே பத்து வருடம் கொத்தனாராக இருப்பவர்களை எனக்குத் தெரியும். நல்ல கை இருந்தும் இன்ஜினீயர் வந்து விரலால் காட்டும் வரை கரண்டியோடு காத்து நிற்பார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும். இன்னொன்று, சாரத்திலிருந்து விழுந்தால் கேட்பதற்கு ஆள் வேண்டும். பதினெட்டு வயது ஆனதும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிட வேண்டும். 1994இலிருந்து வாரியம் இருக்கிறது. இன்னும் பதியாதவர்கள் என் சைட்டிலேயே உண்டு.

கரண்ட் வேலை, வெல்டிங் என்றால் நான் யோசிக்காமல் ஐ.டி.ஐ. பக்கம்தான் நிற்பேன். எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். வெல்டருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளை என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி.

பணத்தை விடுங்கள், உரிமம்தான் காரியம். என்னோடு ஏழு வருடம் ஒயரிங் செய்த தம்பி ஒருவர் இருக்கிறார். சுவரில் பைப் பதிப்பதிலிருந்து எர்த் குழி வரை முழு வீட்டையும் முடித்துவிடுவார். மின் இணைப்புக்கு எழுதிக் கொடுக்கும் நாளில் மட்டும் லைசென்ஸ் உள்ள வேறொருவர் வருவார், கையெழுத்துப் போடுவார், பணத்தை வாங்கிப் போவார். ஏழு வருட உழைப்பை ஒரு தாள் தள்ளி வைத்துவிடுகிறது. இப்படி வேலையில் பழகியவர்களுக்கென்றே 'மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு' என்று ஒன்றை அரசு நடத்துகிறது. ஐந்து வருட அனுபவமும் 21 வயதும் வேண்டும். அந்தத் தம்பியை எழுதச் சொல்லிப் பின்னாலேயே நடக்கிறேன்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும் தாள் முக்கியம். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை விழும். சவூதி, குவைத் போக அது கூடுதல் அலைச்சல். அதனால் 'எப்படியும் கட்டட வேலைதானே' என்று பத்தாவதைப் பாதியில் விடாதீர்கள்.

ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளிடம் நான் காணும் குறை வேகம். பட்டறையில் பலகையில் ஒயரிங் செய்து பழகியவனுக்கு ஈரச் சுவரும் ஏணியும் புதிது. ஆறு மாதம் சைட்டில் நின்றால் சரியாகிவிடும். அதைக் குறையாகச் சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை.

சமுதாயக் கல்லூரி யாருக்கு? அமெரிக்காவில் இது பெரிய அமைப்பு. இங்கே 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கிப் பரவியது. பெரும்பாலும் ஒரு வருடப் படிப்பு, பள்ளியைப் பாதியில் விட்டவரும் சேரலாம், வயது தடையில்லை. கல்யாணமாகி, குழந்தை பெற்று, முப்பது வயதில் பிளம்பிங் கற்க நினைக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. தொழிலோடு ஆட்களிடம் பேசவும் கணக்கு எழுதவும் பழக்குவார்கள். ஆனால் எல்லாக் கல்லூரியும் ஒன்றல்ல. சேரும் முன்பு சான்றிதழ் யார் தருகிறார்கள், எத்தனை நாள் நேரடி வேலைப் பயிற்சி என்று கேளுங்கள். போன வருடம் முடித்த இரண்டு பேரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். வகுப்பறை மட்டும் இருந்து பட்டறை இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பாலிடெக்னிக் சிவில் மூன்று வருடம். அது மேற்பார்வைக்குப் போகும் பாதை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அதில் நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அக்கா மகனிடம் கேட்டேன், என்ன வேலை பிடிக்கும் என்று. அவன் என் வீட்டு ஸ்விட்ச் போர்டைப் பார்த்தான். சரி, கோணம்தான் என்றேன். அப்புறம், லீவு நாட்களில் அந்த ஒயரிங் தம்பியோடு சைட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.