4கே எக்ஸ்போர்ட்டுக்குத் தனிக்காசு கேட்கிறார்களா? உஷார்

கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமராவில் எடுத்ததை எடிட் செய்ய வெளியாளிடம் கொடுக்கப்போகும் சிங்கப்பூர் நண்பர்களுக்காக இந்தப் பதிவு.

எங்கள் சைக்கிள் குழுவில் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு கோயம்புத்தூருக்கே திரும்புகிறார். அவருக்குக் கொடுப்பதற்காக, புலாவ் உபின் கெத்தாம் பாதையில் நாங்கள் ஓட்டியதை ஒரு வீடியோவாகத் தொகுக்க நினைத்தோம். எடுத்ததெல்லாம் 4கே (3840 x 2160 புள்ளிகள்), நொடிக்கு 60 ஃபிரேம் (படம்), பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தரவு, 100 எம்பிபிஎஸ் (மெகாபிட்). இணையத்தில் விளம்பரம் போட்டிருந்த ஓர் எடிட்டர் 280 வெள்ளி கேட்டார். ‘4கே எக்ஸ்போர்ட்’, அதாவது எடிட் முடித்த வீடியோவை 4கே கோப்பாக எடுத்துக்கொடுக்க, தனியாக 80 வெள்ளி. மொத்தத்தையும் பேநவ்வில் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

வந்த வீடியோவில் வெட்டும் இசையும் அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சைக்கிள் காட்டுக்குள் நுழைந்ததுமே இலைகள் எல்லாம் பச்சைச் சாந்து பூசினதுபோல் குழைந்துவிட்டன. சாங்கியிலிருந்து படகில் போகும் காட்சியில் கடல் கட்டம் கட்டமாக உடைகிறது.

கேட்டால், “டிரைவ்ல பாத்தா மங்கலாத்தான் தெரியும், டவுன்லோட் பண்ணிப் பாருங்கண்ணே” என்றார். பார்த்தேன், அதேதான். “ஆக்‌ஷன் கேமரான்னா அப்படித்தாண்ணே இருக்கும்.” நல்லவேளை, அசல் கோப்புகள் என்னிடமே இருந்தன. அதில் ஒவ்வொரு இலையும் தெளிவாகத் தெரிகிறது.

மீடியாஇன்ஃபோ என்ற இலவசச் செயலியில் அவர் கொடுத்த கோப்பைத் திறந்தேன். அளவு 3840 x 2160 என்றுதான் காட்டியது, அதாவது பெயருக்கு 4கே. பிட்ரேட்டோ 10 எம்பிபிஎஸ். ஒன்பது நிமிட வீடியோ 675 எம்பிக்குள் அடங்கிவிட்டது. அசலின் தரத்தில் என்றால் கிட்டத்தட்ட 6.75 ஜிபி வரவேண்டும்.

அசலுக்கு ஈடாகவே இருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வீடியோவைச் சுருக்கும் முறையே, ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்கு என்ன மாறியதோ பெரும்பாலும் அதை மட்டும் சேமிப்பதுதான். நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவருக்கு 10 எம்பிபிஎஸ்கூட ஓரளவு போதும். கைப்பிடியில் மாட்டிய கேமரா காட்டுக்குள் குலுங்கிக்கொண்டு போகும்போது திரை முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். பிட்ரேட் போதாவிட்டால் மென்பொருள் முதலில் கைவைப்பது நுணுக்கமான விவரங்களில்தான். யூடியூபே 4கே 60 ஃபிரேமுக்கு 53 முதல் 68 எம்பிபிஎஸ் வரை பரிந்துரைக்கிறது.

புராஜெக்ட் கோப்பை (எடிட் செய்த விவரமெல்லாம் இருக்கும் கோப்பு) கொடுங்கள் என்று விடாமல் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. அவருடைய லேப்டாப்பில் 4கே ஓடாதாம். அதனால் எல்லாவற்றையும் முதலில் ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் 1080 என்ற சிறிய அளவுக்கு மாற்றி, அதை எடிட் செய்து, கடைசியில் 4கே என்று இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார். போன விவரம் இழுத்தால் திரும்பி வருமா? இதற்குத்தான் 80 வெள்ளி!

லேப்டாப் திணறுவது குற்றமில்லை. அதற்குத்தான் பிராக்ஸி இருக்கிறது: சிறிய நகல்களை வைத்து வெட்டுவது, எக்ஸ்போர்ட்டின்போது அசல் கோப்புகளுக்கு மாறிக்கொள்வது. இது தெரியாமல் எடிட்டர் என்று விளம்பரம் செய்கிறாரா, தெரிந்தே செய்தாரா, எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் என் அக்கா மகன் அசலிலிருந்தே மறுபடி தொகுத்து, எச்.265 என்ற சுருக்கும் முறையில் 60 எம்பிபிஎஸ் வைத்து எடுத்துக்கொடுத்தான். நாலு ஜிபி சொச்சம். இலை இலையாகத் தெரிந்தது.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், தெளிவுத்திறன், ஃபிரேம் ரேட், பிட்ரேட் மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப்பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள். அசைவு அதிகமுள்ள இடத்தில் அரை நிமிடம் மாதிரி கேளுங்கள். தலைப்பும் முகமும் மட்டும் வரும் மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வந்த கோப்பைச் சோதித்துப் பார்க்கும்வரை மெமரி கார்டை அழிக்கவே கூடாது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்றதும் அந்த 80 வெள்ளி மறுநாளே திரும்பி வந்தது. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான், அது அவருக்கும் தெரிந்திருக்கும்போல. மீதி 280க்கு “வேலை செஞ்சேன்ல அண்ணே” என்கிறார். விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ‘4கே எக்ஸ்போர்ட் 80 வெள்ளி’ என்ற வரியோடு.