வேப்பூர் பக்கத்தில் பொலிகிடா வாங்கிய பண்ணை: குட்டி விற்ற கையோடு எழுதுகிறேன்

எங்களுக்கு 3 ஏக்கர் மக்காச்சோளமும் 11 பள்ளை ஆடுகளும் (நாட்டுக் குட்டை ஆடுகள்) உண்டு. போன வருடம் மாசியில், விருத்தாசலம் சாலையில் உள்ள ஒரு பண்ணையில் பொலிக்கு, அதாவது இனவிருத்திக்கு, கேரளத்துத் தலைச்சேரி இனக் கிடா வாங்கினேன். குட்டிகளைச் சந்தையில் விற்ற பிறகுதான் எழுதுவது என்று காத்திருந்தேன்.

அதற்கு முன் ஐந்து வருடமாக எங்கள் பட்டியில் பிறந்த கிடாவையே வைத்திருந்தோம். தான் போட்ட குட்டிகளோடேயே அது சேர்ந்துகொண்டிருந்தது. கடைசி ஈத்தில் 15 குட்டியில் 6 செத்தன. மடியைத் தேடி எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத குட்டிகள். ராத்திரி முழுக்க மடியில் போட்டுப் பால் பீய்ச்சி ஊட்டியும் போய்விட்டன. இரத்தம் நெருங்கியதுதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பண்ணைக்குப் போனபோது அங்கே நின்ற ஒரு கலப்புக் கிடா, போயர் என்ற வெளிநாட்டு இனத்தோடு கலந்தது, என் கண்ணில் பட்டது. நல்ல உடம்பு, விலையும் குறைவு. அதைக் கேட்டேன். பண்ணைக்காரத் தம்பி, "அக்கா, அது கறிக்கு. பொலிக்குத் தர மாட்டேன்" என்றார். ஏன் என்றதற்கு, "மக்காச்சோளத்துல கதிர் எடுத்து வச்சு மறு போகத்துக்கு விதைப்பீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கடையில் வாங்கிய ஒட்டுவிதையில் விளைந்த கதிரை எடுத்து வீட்டு விதையாகப் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, கதிரும் சிறுத்துப்போகும். ஆட்டிலும் அதே கணக்குதான். தூரத்து இனங்கள் இரண்டு சேரும்போது முதல் தலைமுறைக்குக் கிடைக்கிற கலப்பின வீரியம், அந்தக் குட்டிகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பாதியாகிவிடும். குட்டி பிழைப்பது, சினை நிற்பது, தாய்க்குப் பால் ஊறுவது, இவற்றில்தான் அந்த வீரியம் அதிகம் தெரியும். கறியின் தரத்தில் அவ்வளவு தெரியாது என்றும் சொன்னார். தூரத்து இனங்களைச் சேர்ப்பதற்கு உதாரணமும் சொன்னார்: அமெரிக்காவில் கறிக்கு வளர்க்கும் பிராமன் மாடு நம் நாட்டு ஓங்கோல், கிர் வகைகளிலிருந்து வந்ததாம். வெயிலையும் உண்ணியையும் தாங்குவதால் அதை அங்குள்ள ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் மாடுகளோடு சேர்க்கிறார்களாம். விற்க வேண்டிய கிடாவை விற்காமல் அரை மணி நேரம் நின்று விளக்கிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தலைச்சேரிக் கிடா 28 கிலோ, உயிர் எடை கிலோ 500 ரூபாய் என்று 14,000 கொடுத்தேன். அதன் தாய், தகப்பன், பிறந்த தேதி, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட நாள் எல்லாம் நோட்டில் இருந்தன. தலையீத்துக் குட்டை ஆடுகளோடு இதைச் சேர்க்க வேண்டாம், குட்டி பெரிதாகி ஈனச் சிரமப்படும் என்று எச்சரித்தார். அப்படி இருந்த 2 ஆடுகளைத் தனியே கட்டினேன்.

குறையும் சொல்ல வேண்டும். தீனியும் தண்ணீரும் காட்டிய பிறகே கிடாவை எடை போட்டார்கள். வெறும் வயிற்றில் போட்டிருந்தால் ஒரு கிலோவாவது குறைந்திருக்கும். வண்டி வாடகை 600 என்று பேசி 900 வாங்கினார்கள். வந்த மூன்றாம் நாளே கிடாவுக்குச் சளி. நல்லவேளையாக மற்ற ஆடுகளோடு விடாமல் 3 வாரம் தனியே வைத்திருந்தேன்.

ஆவணியில் 9 ஆடுகள் 16 குட்டி போட்டன. செத்தது ஒன்றே ஒன்று, அதுவும் நாய் கடித்து. முன்பு ஒன்றரைக் கிலோவில் குட்டி பிறந்த எங்கள் பட்டியில் இப்போது இரண்டு, இரண்டேகால் கிலோ. பிறந்து கால் மணிக்குள் எழுந்து பால் குடித்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பக்ரீத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைச் சந்தையில் 8 கிடாக்குட்டிகளையும் விற்றேன். சராசரி 20 கிலோ. முன்பெல்லாம் அந்த வயதில் 14 தாண்டியதில்லை.

7 பெட்டைக் குட்டிகளையும் வைத்துக்கொண்டேன். அவற்றுக்குத் தகப்பன் கிடாவையும் விடக்கூடாது, கலப்புக் கிடாவையும் விடக்கூடாது. மூன்றாவது இனமாக ஒரு கொடி ஆட்டுக் கிடா வேண்டும் என்று அதே பண்ணையில் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய கிடாவை எடுத்துக்கொண்டு மீதிப் பணத்துக்குப் புதியதைத் தருகிறார்கள்.

போகிறவர்கள் காலை 7 மணிக்குள், தீனி வைக்கும் முன் போய் எடை போடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று அந்தத் தம்பி வேப்பூர் சந்தையில் இருப்பார்.