சங்கச் சந்தாவுக்கு ஈடு ஒரு கையேடு

பிரிட்டன், அயர்லாந்து மயக்கவியல் மருத்துவர்களுக்காக 1932இல் தொடங்கப்பட்ட ‘அசோசியேஷன் ஆஃப் அனஸ்தட்டிஸ்ட்ஸ்’ சங்கம் தேர்வு நடத்துவதில்லை. மருத்துவராகப் பணியாற்றும் உரிமம் வழங்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. பிறகு எதற்குச் சந்தா என்று கேட்பவர்களுக்கு, உறுப்பினர் அல்லாதவர்களும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளும்படி அது வெளியிட்டிருக்கும் நெருக்கடிக் கையேட்டையே, அதாவது மயக்கத்தின்போது ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் கையேட்டையே, நான் காட்டுவேன்.

நரம்பைச் சுற்றிச் செலுத்திய உணர்விழப்பு மருந்து இரத்தத்தில் கலந்து நோயாளிக்கு வலிப்பு வந்து, இதயத் துடிப்பும் தடுமாறும்போது, அதற்கு மாற்றாகச் செலுத்தும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை எவ்வளவு கொடுப்பது என்று பாடநூலைப் புரட்ட நேரமிருக்காது. கையேட்டில் கிலோவுக்கு 1.5 மில்லி, அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 100 மில்லி என்று கணக்கையும் போட்டே தந்துவிடுகிறார்கள். பதற்றத்தில் பெருக்கல்கூடப் பிழைக்கும் என்பதை அறிந்தவர்கள் எழுதியது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் செய்வது என்ற ஏற்பாட்டில்தான் கையேடு முழுப் பயன் தரும். நள்ளிரவில் ஒரு மருத்துவரும் ஓர் உதவியாளருமே இருக்கும் அறுவை அரங்கில் வாசிப்பவர் யார்? உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் அரிய மயக்க மருந்து எதிர்வினைக்கான டான்ட்ரோலீன் என்ற மருந்தின் வழக்கமான குப்பியில் 20 மில்லிகிராம்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் 60 மில்லி நீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு முதல் தவணைக்கே ஏறத்தாழ ஒன்பது குப்பிகள் தேவைப்படும் என்பதால், அந்த வேலையே ஓர் ஆளை விழுங்கிவிடும். போதிய ஆள் வேண்டும் என்று சங்கம் வழிகாட்டுதல் எழுதலாம். ‘பரிந்துரைதானே’ என்று ஒதுக்கும் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த அதனால் முடியாது.

சங்கத்தின் ஆய்விதழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தரமானது. அறுவையின் நடுவே நோயாளி விழிப்படைவதைப் பற்றி மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் காலேஜுடன் சேர்ந்து சங்கம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு மட்டும் தனியே குறிப்பிடத்தக்கது. நோயாளிகள் தாங்களாகச் சொன்னவற்றைக் கொண்டு, முழு நினைவிழக்கச் செய்யும் சுமார் 19,000 பொது மயக்கங்களில் ஒன்று என்ற கணக்கை அது முன்வைத்தது. தசை தளர்த்தும் மருந்து கொடுத்த இடங்களில் 8,000க்கு ஒன்று.

கையேட்டை அச்சிட்டு அரங்கில் வைப்பவர்கள், புதிய பதிப்பு வந்ததும் பழைய பிரதிகளை அகற்றும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதையும் சங்கம் வந்து செய்து தராது.