பக்கத்து மேசையில் துவக்கு: யாழ்ப்பாணப் பயணக் குறிப்பு

கனடாவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் அவர்கள் முதலில் திகைப்பது சாப்பாட்டுக்கடையில்தான். கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால் பக்கத்து மேசையில் சீருடைக்காரர் இருவர், ஒருவரின் மடியில் நீட்டுத் துவக்கு (துப்பாக்கி). கடைக்காரர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டார்.

இலங்கையில் சாதாரண சனம் இடுப்பில் துவக்கோடு கடைக்கு வருவதில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். தற்பாதுகாப்புக்கென்று கொடுத்தவற்றைக்கூடத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. ஆகவே கடையில் வெளிப்படையாகத் தெரிவது அநேகமாக அரசின் துவக்கு. காக்கி என்றால் பொலிஸ். உருமறைப்புச் சீருடை என்றால் இராணுவமாக இருக்கலாம், விசேட அதிரடிப்படையாகவும் இருக்கலாம். அதிரடிப்படை பொலிஸைச் சேர்ந்தது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் இராணுவமே தேத்தண்ணிக்கடை நடத்துவதையும் காணலாம். காங்கேசன்துறையில் கடலோரமாக இருக்கும் தல்செவன விடுதியும் இராணுவத்துடையது. உயர்பாதுகாப்பு வலயம் என்று சனத்திடமிருந்து எடுத்த நிலத்தில் நிற்கிறது. சொந்தக்காரரை அங்கே விருந்துக்குக் கூப்பிடமுதல் ஒருதரம் யோசியுங்கள்.

துவக்கைவிடப் பயப்பட வேண்டியது பொலிஸ் எழுதும் பேனைக்கு. 2016 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தபோது பொலிஸார் முதலில் விபத்து என்றார்கள். உடற்கூற்றுப் பரிசோதனையில் சூட்டுக்காயம் தெரிந்தபிறகு ஐந்து பொலிஸார் கைதானார்கள். ஊரில் "பொலிஸ் எழுதினதோ?" என்று இழுத்துக் கேட்பது சும்மா இல்லை.

கடவுச்சீட்டோ பணப்பையோ தொலைந்தால் தொலைந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். தங்கியிருக்கும் வீட்டுக்குக் கிட்ட உள்ளதற்குப் போனால் திருப்பி அனுப்பக்கூடும். பெரும்பாலும் பிழைப்பது மொழியில். நீங்கள் தமிழில் சொல்ல, பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்வார். போடாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக்காட்டச் சொல்கிறது. அவரால் அந்த மொழியில் எழுத முடியாவிட்டால் உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அதனால் வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போவது நல்லது: திகதி, நேரம், இடம், கடவுச்சீட்டு இலக்கம், கடைசியாகக் கண்ட இடம். இரண்டு பிரதி போதும். திரும்பும்போது முறைப்பாட்டு இலக்கமும் முத்திரை குத்திய பிரதியும் கையில் இருக்க வேண்டும். தூதரகமும் காப்புறுதிக்காரரும் கேட்பது அதைத்தான். கடவுச்சீட்டு இலக்கத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் மறுபடி அலைய வேண்டும், அங்கேயே சரிபாருங்கள்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் அந்த உத்தியோகத்தரின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பொறுப்பதிகாரியைக் கேளுங்கள். அதற்கும் மேலே தேசிய பொலிஸ் ஆணைக்குழு 1960, மனித உரிமைகள் ஆணைக்குழு 1996. அவசரத்துக்கு 119, சுற்றுலாப் பொலிஸ் 1912.

வாடகை வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. வீதியில் மறித்துத் தண்டம் என்றால் துண்டு எழுதித் தருவார்கள், லைசன்ஸை வாங்கி வைப்பார்கள். துண்டோடு தபால் கந்தோரில் 14 நாளுக்குள் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் லைசன்ஸ் திரும்ப வரும். பிளேன் நாளைக்கு என்ற அவசரத்தில்தான் சிலர் கையில் காசை வைக்கிறார்கள். "துண்டு எழுதுங்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நில்லுங்கள்.