வெஸ்ட்மீட் மருத்துவமனை: சிகிச்சைக்குக் குறையில்லை, வழி கேட்டுக்கொண்டு போங்கள்

சிட்னியின் பெரிய மருத்துவமனைகள் நெடுங்காலமாகத் துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரப் பகுதியிலேயே இருக்க, குடும்பங்களோ கைக்கெட்டும் விலையில் வீடு தேடி மேற்குப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. அந்த மக்களுக்காகவே, பரமட்டாவுக்கு அருகில், வெஸ்ட்மீட் அரசு மருத்துவமனை 1978ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வந்துபோகும் தமிழ்க் குடும்பங்களில் இதன் படியேறாதவை குறைவு என்றே நினைக்கிறேன்.

சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பயிலும் போதனா வைத்தியசாலை இது என்பதால், நிபுணருடன் மாணவர்களும் படுக்கையருகே வந்து நிற்பார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது முதலில் சலிப்பூட்டினாலும், என் அம்மா சொல்ல மறந்திருந்த பழைய மருந்தொன்று மூன்றாவதாகக் கேட்ட மாணவியிடம்தான் வெளிவந்தது. மாணவர் உடனிருப்பதை விரும்பாதவர்கள் தயங்காமல் மறுக்கலாம். அதனால் சிகிச்சை குறைந்துவிடாது.

சிறுநீரகத்தையும் கணையத்தையும் ஒருசேர மாற்றிப் பொருத்தும் சிகிச்சை 1987ஆம் ஆண்டிலிருந்தே இங்கு நடைபெறுகிறது. கேம்பர்டவுனில் இருந்த குழந்தைகள் மருத்துவமனை 1995ஆம் ஆண்டு இவ்வளாகத்திற்கு இடம் மாறியது. ஆனால், வளர்ச்சி என்பதைக் கண்ணால் காண வேண்டுமானால் 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பதினான்கு மாடிக் கட்டடத்தைத்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி அவசர சிகிச்சைப் பிரிவுகளை அந்த ஒரே கட்டடத்தில் அமைத்தது, தாயும் பிள்ளையும் ஒருசேர விபத்தில் சிக்கும் நாளை எண்ணிப் பார்த்தால், மிகவும் சரியான முடிவாகப் படுகிறது.

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி அழைப்பதில்லை. நோயின் கடுமையை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படியினருக்கு உடனடிச் சிகிச்சை, இரண்டாம் படியினருக்குப் பத்து நிமிடத்திற்குள், கடைசிப் படியினருக்கு இரண்டு மணி நேரத்திற்குள் என்பது நாடு முழுவதற்குமான அளவுகோல். கூட்டம் மிகுந்த இரவில் கடைசி இரு படியினர் அதற்கும் மேலாகக் காத்திருக்க ஆயத்தமாகவே செல்வது நல்லது.

தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம் என்பதை நம்மவர் பலர் பயன்படுத்துவதில்லை. பேரப்பிள்ளையை இடையில் வைத்துப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவது இருவருக்குமே கொடுமை.

கட்டடத்தின்மேல் கட்டடமாகச் சேர்ந்த வளாகம் ஆதலால் வழி கண்டுபிடிப்பது எளிதன்று. முதியவரோடு செல்பவர்கள் அரை மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவை ஏற்கும், வாகனத் தரிப்பிடக் கட்டணத்தை ஏற்காது. 2024 டிசம்பரில் தொடங்கிய இலகு ரயிலில் செல்வதே மேல். பெரியவர் மருத்துவமனைக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தனித்தனி நிறுத்தங்கள் இருப்பதால், பெயரைச் சரியாகப் பார்த்து இறங்குங்கள்.