முடிச்சு இல்லாத சுங்குடி

மதுரை விளக்குத்தூண் கடைகள் பக்கம் போயிருந்தால் தொட்டுப் பார்த்து வாங்கியிருக்கலாம், வெயிலுக்குச் சோம்பல். ஆன்லைன் கடை ஒன்றில் அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை, 1,450 ரூபாய். 'கை முடிச்சு' என்றுதான் போட்டிருந்தார்கள். பிரித்தால் புள்ளியெல்லாம் அச்சு, அளவெடுத்த மாதிரி ஒரே வட்டம், பின்பக்கம் வெளிறிக் கிடக்கிறது. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியிருந்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், துணி லேசாகப் புடைத்து நிற்கும். அம்மா தடவிப் பார்த்ததுமே "ஏமாந்துட்டியேடா" என்றது.

கேட்டால், "நோ ரிட்டர்ன் சார், பேஜ்லயே போட்டிருக்கோம்ல." 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி, சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. அதை எழுதி, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுப்பேன் என்றதும் மூன்றாம் நாள் பணம் வந்தது. கூரியர் 90 ரூபாய் என் தலையில். கலர் பிடிக்கவில்லை என்று நான் திருப்பியிருந்தால் அவர்கள் மறுத்ததில் நியாயம் உண்டு. இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று பேக்கிங்குக்கு.