மொட்டைமாடி அறையில் ஏழு வருடமாக ஓடும் ரயில்

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு லோக்கூர் வளைவு தெரிந்திருக்கும். ஒருபுறம் சேர்வராயன் மலை நிற்க, பாதை வளைந்து வளைந்து போகும்போது முன்னால் போகும் எஞ்சின் நம் ஜன்னலிலிருந்தே தெரியும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் வீட்டில் மாடல் ரயில்பாதை கட்டத் தொடங்கினேன். மாடி அறையில் மூன்று சுவரை ஒட்டி 'ப' வடிவில் பிளைவுட் மேடை. கதவுக்கு நேரே தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு பலகை. ரயில் ஓடத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது.

நான் எடுத்தது எச்.ஓ அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம்ம ஊர் அகலப்பாதை 1676 மி.மீ. கணக்குப்படி அது 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். ஆகவே நம் எஞ்சின்களை இந்தப் பாதையில் வைத்தால் அடியில் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். ஓடும்போது கண்ணுக்குப் படுவதில்லை. இடம்தான் பெரிய கேள்வி. சென்னை ஐ.சி.எஃப் தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்றே இந்த அளவில் 24.5 செ.மீ. வருகிறது. ஐந்து பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்.

முதல் வருடம் போட்டதை அடுத்த வருடமே பிரித்தேன். வளைவை 45 செ.மீ. ஆரத்தில் போட்டிருந்தேன், நீளப் பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துத் தடம் புரண்டன. ஏற்றமும் நூற்றுக்கு நாலு. எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது 60 செ.மீ. ஆரம், நூற்றுக்கு இரண்டு ஏற்றம். எட்டு செ.மீ. உயரம் ஏற நாலு மீட்டர் ஓட வேண்டும், அதற்காக ஒரு சுவர் முழுக்கப் போனது. போகட்டும், இப்போது ஐந்து பெட்டியை இழுத்துக்கொண்டு மெதுவாக ஏறுகிறதே, அதைப் பார்க்கத்தான் இத்தனையும்.

சித்திரை வெயிலில் மாடி அறை எப்படிக் காயும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மீட்டர் தண்டவாளம் 15 டிகிரி சூட்டுக்கு முக்கால் மில்லிமீட்டர் நீளும். மரமோ காய்ந்து சுருங்கும். இரண்டும் சேர்ந்து ஒரு மே மாதம் பாதையை நடுவில் வில்லாக வளைத்துவிட்டன. அப்போதிருந்து இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விடுகிறேன். பலகையின் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடித்தாயிற்று.

என்னை அதிகம் அலைக்கழித்தது மின்சாரம்தான். மாடல் மலைக்குள் பாதை நுழையும் குகை வாசலில் எஞ்சின் தினமும் ஒரே இடத்தில் திணறும். எஞ்சினைக் கழற்றினேன், சக்கரம் துடைத்தேன், கியருக்கு எண்ணெய் விட்டேன். கடைசியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், கன்ட்ரோலர் பக்கம் 12 வோல்ட், குகை வாசலில் எட்டுதான். இரண்டு தண்டவாளத்தைச் சேர்க்கும் தகடு தளர்ந்திருந்தது. கன்ட்ரோலரிலிருந்து மூன்றடிக்கு ஒரு வயர் தனியாகத் தண்டவாளத்தில் பற்றவைத்தால் தகட்டை நம்பியிருக்க வேண்டாம் என்று புரிந்தது. ஆனால் எனக்கு ஈயமே ஒட்டவில்லை, உருண்டு உருண்டு விழுந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்து தண்டவாளத் துண்டை எடுத்து அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். "இது ஜெர்மன் சில்வருங்க தம்பி, வெள்ளி சுத்தமா கிடையாது" என்றார். சரிதான், செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த உலோகம் அது. "நாங்க வெங்காரம் வெச்சு ஊதுவோம், நீங்க பிசின் வெக்கறீங்க, அவ்வளவுதான். ஆனா அழுக்கு மேல எதுவும் ஒட்டாது. மொதல்ல சொரண்டுங்க. அப்புறம் ஈயத்த சூடு பண்ணாதீங்க, தண்டவாளத்த சூடு பண்ணுங்க." அன்றைக்கு அவர் வைத்த நாலு பற்றும் இன்றுவரை விடவில்லை. மீதி முப்பத்தாறும் அவர் சொன்ன மாதிரி நான் வைத்தது.

தண்டவாளத்துக்கு இடையே போடும் ஜல்லிக்கு எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து ஒட்டினேன். பார்க்க அவ்வளவு பொருத்தம். ஆறே மாதத்தில் எஞ்சின் கரகரத்தது. திறந்தால் மோட்டார் காந்தத்தைச் சுற்றிக் கருப்பு மயிர் முளைத்த மாதிரி தூள். கஞ்சமலை இரும்புத்தாது இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, மணலில் இரும்புத் துகள் இருக்கும் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. மணலைத் தட்டில் பரப்பி, காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி நாலைந்து தடவை மேலே ஓட்டி, கருப்புத் துகளை எடுத்த பிறகுதான் ஒட்ட வேண்டும்.

தொடர்ந்து பார்க்க வேண்டிய வேலை துடைப்பதுதான். சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது எழும் நுண்பொறியும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கருப்பாகப் படியும். வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் துடைக்கிறேன். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், அந்தக் கீறலுக்குள் அழுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று வருடம் சாதாரண டி.சி.யில் ஓட்டினேன். வோல்ட்டைக் கூட்டினால் வேகம், குறைத்தால் நிதானம், ஒரு பாதையில் ஒரு ரயில். அப்புறம் டி.சி.சி. என்கிற டிஜிட்டல் கட்டளை முறைக்கு மாறினேன். பாதையில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், கட்டளையும் அதிலேயே போகும், ஒவ்வொரு எஞ்சினிலும் இருக்கும் சிப் தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் கேட்கும். விலை அதிகம். ஆனாலும் மகள் சரக்கு ரயிலை லூப் என்கிற பக்கப் பாதையில் நிறுத்தி வைத்து என் எக்ஸ்பிரஸுக்கு வழி விடுகிறாள், அதுவே போதும் என்றிருக்கிறது.

மலை தெர்மாகோலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும். மேலே ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த காய்ந்த காபிக் குச்சிகள் சில்வர் ஓக் மரங்களாக நிற்கின்றன. குகைக்குள் கை போக வழி வைக்காமல் கட்டிவிட்டேன். போன வாரம் கடைசிப் பெட்டி உள்ளே கழன்று நின்றபோது மகளின் கைதான் போயிற்று. அவள் கையும் வளர்கிறது, அதனால் மலையின் பின்பக்கம் ஒரு சதுரம் அறுக்க நேற்றுப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.